மனைவியிடம்கூடச் சொல்லாதே

எர்மீலோவின் பட்டறைக்கும் என் கெசடியா அடுப்புக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் பக்கத்து ஒயர் கருகும் நாற்றம் என் பக்கம் வரும். என் கல்லில் சோள ரொட்டிக்குள் பூசணிப்பூவும் சீஸும் வதங்கும் மணம் அவர் பக்கம் போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எப்போதும் எனக்குத்தான் நஷ்டம் என்று அவரிடம் சொல்லிக் காட்டுவேன். என் மகள் ஹசிந்தாவின் ஞானஸ்நானத்துக்கு அவர்தான் ஞானத்தந்தையாக நின்றார். அதனால் அவருக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவர் கொம்பாத்ரே. எங்கள் ஊரில் இந்த உறவுக்குக் கூடப்பிறந்தவர்களைவிட உரிமை அதிகம். அந்த உரிமையில்தான் இத்தனை வருடமாக அவரைத் திட்டி வருகிறேன், இதையும் அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அவர் கார் எலக்ட்ரீஷியன். ஆனால் எங்கள் நேசா பகுதியில் யாரும் ஹார்ன் சரி பார்க்கவோ விளக்கு மாற்றவோ அவரைத் தேடி வருவதில்லை. ரகசிய சுவிட்ச் வைக்க வருகிறார்கள். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்புக்குப் போகும் ஒயரை நடுவில் வெட்டி, ஒரு சின்ன சுவிட்சைக் கோத்து, அதைக் காருக்குள் எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுவார். அதைப் போடாமல் சாவியைத் திருப்பினால் வண்டி இருமும், கிளம்பாது. மெக்சிகோ நகரத்தின் இந்தக் கிழக்கு ஓரத்தில் பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு இது இல்லாமல் தூக்கம் வராது. ஸ்டியரிங்கில் இரும்புத் தடி போட்டுப் பூட்டுகிறவர்களும் உண்டு. அந்தத் தடியைத் திருடன் அறுத்து முடிப்பதற்குள் நான் ஒரு கெசடியாவைத் திருப்பிப் போட்டிருக்க மாட்டேன். அலாரம் கூவினால் தெருவில் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை, நாய் உட்பட.

சுவிட்ச் வைத்து முடித்ததும் எர்மீலோ ஒரு சடங்கு செய்வார். கூட வந்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்குவார். காரின் சொந்தக்காரரும் அவரும் மட்டும் உள்ளே. இடத்தைக் காட்டி, சொந்தக்காரர் கையாலேயே போட்டு அணைக்கச் சொல்லி, பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சத்தியம் வாங்குவார். யாரிடமும் சொல்லக்கூடாது. அண்ணனிடமும் தம்பியிடமும் சொல்லக்கூடாது. மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைக்க மாட்டார். எந்தக் காரில் எங்கே வைத்தார் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மனிதருக்கு என் மகள் பிறந்தநாள் மறந்துபோகும், இது மறக்காது.

வெளியே அனுப்பப்படும் மனைவிகள் என் அடுப்பருகே வந்துதான் நிற்பார்கள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடிய ஷட்டரைப் பார்த்தபடி நிற்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"கொம்பாத்ரே, பெத்த புள்ளைய அவ கையில குடுக்கலாம், சமையல குடுக்கலாம், சம்பளத்தக் குடுக்கலாம். ஒரு சுவிட்சக் குடுக்கக் கூடாதா?"

"பொண்டாட்டி அவ தங்கச்சிகிட்ட சொல்லுவா. தங்கச்சி அவ புருஷன்கிட்ட சொல்லுவா. அவன் குடிச்சிட்டுக் கடையில ஒளறுவான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?"

"பொண்டாட்டி என்ன செய்வான்னு கல்யாணமே ஆகாத உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சதாலதான் ஆகல," என்று சொல்லிவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு கெசடியா கேட்டார்.

அவருடைய பிடிவாதத்துக்கு ஒரு காரணம் உண்டு என்பது எனக்கும் தெரியும். அதையும் சொல்லாவிட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவளாவேன்.

லாடிஸ்லாவோ என்று ஒரு ரொட்டிக்காரன் இருந்தான். விடிவதற்குள் கடை கடையாக ரொட்டி போடுகிறவன். அவன் வண்டிக்கும் எர்மீலோதான் சுவிட்ச் வைத்தார். ஒருநாள் எர்மீலோவுக்கு போன் வந்தது. லாடிஸ்லாவோவின் அண்ணன் பேசுகிறேன், தம்பிக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வண்டி கிளம்பவில்லை என்றது குரல். லாடிஸ்லாவோவின் சொந்த நம்பரிலிருந்தே அழைப்பு வந்திருந்தது. பின்னால் ஒரு மனிதன் முனகும் சத்தமும் கேட்டது. எர்மீலோ பதறிப்போய்ச் சொல்லிவிட்டார்.

அண்ணனும் இல்லை, மாரடைப்பும் இல்லை. லாடிஸ்லாவோவைக் கைகால் கட்டி, வாயில் துணி திணித்து, பின் சீட்டில் கிடத்தியிருந்தார்கள். அடித்துக் கேட்டும் அவன் சுவிட்ச் இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை. வண்டி கிளம்பிய பிறகு அவனால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஓடும் வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியது. இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். எங்கள் தெரு வழியாக வந்தாலும் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அவன் அவ்வளவு அடி வாங்கியும் வாயைத் திறக்கல. நான் ஒரு போன்ல தொறந்துட்டேன்," என்று எர்மீலோ ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு போனில் யார் கேட்டாலும், அழுதாலும், மிரட்டினாலும், சுவிட்ச் பற்றி ஒரு வார்த்தை வராது. நேரில் வா, முகத்தைக் காட்டு, பிறகு பேசலாம். ஊரே இதற்காக அவரை மெச்சியது. வியாபாரமும் பெருகியது.

இனி, இதை எழுத வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் பகுதிப் புனிதரின் திருவிழா. எல்லோரும் ஊர்வலத்துக்குப் போய்விட்டார்கள். தூரத்தில் வாணவெடியும் பேண்டு வாத்தியமும் கேட்டுக்கொண்டிருந்தன. ஊர்வலம் முடிந்து பசியோடு திரும்புவார்கள் என்று நான் மாவைப் பிசைந்து வைத்துக் காத்திருந்தேன். எர்மீலோ பட்டறையைத் திறக்கவில்லை. என் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, பச்சை மிளகாய்ச் சட்னி கையெல்லாம் வழியச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் உரக்கவே பேச வைப்பார். அதனால் நானும் எல்லாவற்றையும் கேட்டேன்.

திரையில் எவாரிஸ்தோ என்று பெயர் வந்தது. எனக்கும் தெரிந்த ஆள்தான். வாரச் சந்தைகளில் தையல் மிஷின் உதிரிபாகம் விற்கிறவர். சரக்கெல்லாம் வீட்டு வண்டியில்தான் போகும், ஒரு பழைய வெள்ளைக் கார். ஆனால் போனில் வந்தது பெண் குரல்.

"எர்மீலோ ஐயாவா? நான் எவாரிஸ்தோவோட சம்சாரம் பேசுறேன், நோயெமி. அவரு விழுந்துட்டாருங்க. வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு, வலது கை கால் வரல. இழுத்துட்டு வந்து கார்ல ஏத்திட்டேன். வண்டி கிளம்ப மாட்டேங்குது. அந்த சுவிட்ச் எங்க இருக்குன்னு சொல்லுங்க."

எர்மீலோ கையிலிருந்த கெசடியாத் துண்டைத் தட்டில் வைத்தார்.

"ஆம்புலன்சக் கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டாச்சு. வருதுன்னு சொல்றாங்க. ஊர்வலத்தால ரோட்ட அடைச்சிருக்காங்களாம்."

"அக்கம்பக்கத்துல?"

"ஒருத்தர் இல்லீங்க. ஒவ்வொரு கதவாத் தட்டிட்டேன். எல்லாரும் ஊர்வலத்துல. எனக்கு ஓட்டத் தெரியும், எப்பவும் அவருதான் ஸ்டார்ட் பண்ணிக் குடுப்பாரு. எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"அவர்கிட்ட போனக் குடுங்க."

போன் கை மாறும் சத்தம். பிறகு ஒரு முனகல். வார்த்தை எதுவும் இல்லை. மூச்சும் எச்சிலும் கலந்து தொண்டையில் அடைபட்ட ஒரு சத்தம். என் கை மாவிலேயே நின்றுவிட்டது. எர்மீலோ போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதே சத்தம்தான் கொமாத்ரே. லாடிஸ்லாவோ வாயில துணி வெச்சிருந்தப்போ இதே சத்தம்தான் கேட்டுச்சு."

"பேசுறது ஒரு பொம்பளை."

"அந்தக் கும்பல்ல பொம்பளை கெடையாதா? மருந்துக்கடைக்காரர்கிட்ட அவர் பொண்ணு மாதிரியே, என்னக் கடத்திட்டாங்கன்னு அழுது பணம் பறிச்சது ஆம்பளையா?"

"நம்பர் அவரோடதுதான?"

"கார எடுக்கறவன் போன விட்டு வைப்பானா?"

அது உண்மைதான். எங்கள் ஊரில் அழுகையை யாரும் உடனே நம்புவதில்லை. போனில் யாராவது அழுதால் முதலில் வைத்துவிடு என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நானே ஹசிந்தாவுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் இந்த போனை வைத்துவிடுங்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

எர்மீலோ கையை எடுத்தார். "கார் என்ன நிறம்?"

"வெள்ளைங்க."

"பின் கண்ணாடியில என்ன ஒட்டியிருக்கு?"

"தையல் மிஷின் படம். ஐயா, எதுக்கு இதெல்லாம்? அவரு கண்ணு சொருகுது."

கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். காருக்குள் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் இதெல்லாம் தெரியும். எழுந்தார். "வீடு எங்கன்னு சொல்லுங்க, நானே வரேன்." அவள் தெருவைச் சொன்னாள். ஊர்வலத்துக்கு அந்தப் பக்கம். தேரும் கூட்டமும் கடைகளும் தாண்டிப் போக வேண்டும். எர்மீலோவுக்கு முழங்கால் வலி வேறு. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாதுங்க," என்றாள் நோயெமி.

நான் பொறுக்க முடியாமல் போன் பக்கம் குனிந்தேன். "அம்மா, வண்டிக்குள்ள தேடிப் பாத்தீங்களா?"

"சீட்டுக்கு அடியில, மிதியடிக்கு அடியில, ரேடியோவுக்குப் பின்னாடி, எல்லாத்துலயும் கைய விட்டாச்சு. நகம் பிஞ்சிடுச்சு. எங்கயும் இல்ல."

எர்மீலோ கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு கேட்டார்.

"சரிம்மா. ஒண்ணு கேக்கறேன். இந்த சுவிட்ச் வெச்ச அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் எங்க போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்தாரு?"

"எனக்கு எப்படிங்க ஞாபகம் இருக்கும்?"

எர்மீலோ என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போனை மறுபடி பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "பல் டாக்டர்கிட்ட போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்னு எவாரிஸ்தோ அன்னைக்கு என்கிட்ட சிரிச்சான். நெசப் பொண்டாட்டியா இருந்தா தெரியும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எம் புருஷன் நேத்து எங்க போனாருன்னு கேட்டாலே எனக்குத் தெரியாது. புருஷன் சாகக் கெடக்கும்போது, எப்பவோ சொன்ன பொய்ய அவ மனப்பாடமா ஒப்பிக்கணுமா? சொல்லித் தொலைங்க. திருடனா இருந்தா ஒரு வண்டி போகும். இல்லேன்னா ஒரு உசிரு போகும்."

"அப்படி இல்ல கொமாத்ரே." அவர் போனை இன்னும் இறுக்கிப் பொத்தினார். "திருடனா இருந்தா எவாரிஸ்தோ அங்க கட்டிக் கெடக்கான். வண்டி கிளம்பற வரைக்கும்தான் அவன் அவங்களுக்கு வேணும். கிளம்பினப்புறம் அவன என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் உசுருதான் இருக்கு. எந்தப் பக்கம் நெசம்னுதான் தெரியல."

அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாத ஒரு மனிதரின் முன்னால் நின்றுகொண்டு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது எனக்கு அன்றுதான் முதல்முறை. கல்லில் போட்டிருந்த கெசடியா கருகி, புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. இருவரும் அதை எடுக்கவில்லை. போனில் அந்த முனகல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. வாணம் ஒன்று வெடித்தது. அதே வெடி போனுக்குள்ளிருந்தும் கேட்டது. எர்மீலோ நிமிர்ந்தார், பிறகு மறுபடி தளர்ந்தார். கார் நின்றது இந்த ஊரில்தான் என்பது மட்டும் அதனால் தெரிந்தது. காரில் யார் இருக்கிறார்கள் என்பது தெரியவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் நோயெமி.

"இருக்கேன்மா."

அவள் அழுகை நின்றுவிட்டிருந்தது. சந்தையில் பேரம் படியாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவள் குரல் அது.

"பரவால்லீங்க. நீங்க சொல்ல மாட்டீங்க. நீங்க சொல்ல மாட்டீங்கன்னு அவரும் பெருமையா சொல்லுவாரு. நான்தான் நோயெமின்னு நான் எப்படி உங்களுக்கு நிரூபிக்கிறது? விடுங்க. சாகப் போறோம்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. கார்ல ஏத்தினதுலேருந்து அந்த இடது கையத் தூக்கித் தூக்கித் தாயையே காட்டிக்கிட்டு இருக்காரு. ஜெபம் சொல்லுன்னு கேக்கறாரு. நான் போன வெக்கிறேன். அவர் கூட இருக்கேன்."

எர்மீலோவின் முக்காலி பின்னால் விழுந்தது.

"எந்தத் தாய? அம்மா, வெக்காதீங்க. எந்தத் தாயக் காட்றாரு?"

"குவாதலூப்பே தாயத்தாங்க, மாதாவ. ஸ்டியரிங்குக்கு முன்னாடி டேஷ்போர்டுல ஒட்டி வெச்சிருக்காரே, அந்தச் சிலையத்தான்."

"அதத் திருகுங்க."

"என்னங்க?"

"தாயோட பீடத்தப் பிடிச்சு உங்க பக்கமாத் திருகுங்க. தாயத் திருகுங்கம்மா. உள்ள டொக்குன்னு ஒரு சத்தம் வரும். வந்ததும் சாவியப் போடுங்க."

சத்தம் வருவதற்குள் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தாயைத் தொடுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அந்த டொக் சத்தம் எங்கள் காதிலேயே விழுந்தது. வண்டி ஒரு தடவை இருமியது. கிளம்பியது. போன் எங்கேயோ கீழே விழுந்து உருண்டது. அப்புறம் கேட்டதெல்லாம் ஹார்ன் சத்தம்தான், விடாமல், கையை எடுக்காமல் அடித்த ஹார்ன். எர்மீலோ அந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, அது தானாக அறுபடும்வரை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் விளக்கினார். இடம் தெரிந்த எவாரிஸ்தோவே கட்டில்லாத கையால் அதைக் காட்டுகிறார் என்று கேட்டதும்தான் சந்தேகம் போயிற்றாம். எந்தத் திருடனும் தாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான், அவளைப் பிடித்துத் திருக மாட்டான். திருட வந்த இடத்தில்கூட அவனுக்கு அவள்மேல் பயம் இருக்கும். அதை நம்பித்தான் அங்கே வைத்தாராம். இதுவரை வைத்ததிலேயே நல்ல இடம் அதுதான் என்று அவருக்கு உள்ளூரக் கர்வமும் இருந்ததாம். மனைவியும் திருக மாட்டாள் என்பது மட்டும் அவர் கணக்கில் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எவாரிஸ்தோ உயிரோடு இருந்தார். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்தைச் சீக்கிரமே கொடுத்திருந்தால் கை கால் திரும்பியிருக்கும், கதவு தட்டி, சுவிட்ச் தேடி, கூட்டத்தில் ஊர்ந்து வருவதற்குள் அந்த நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். வலது பக்கம் இனி வராது. பேச்சு வரலாம், வராமலும் போகலாம். நோயெமி நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னவள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, எர்மீலோவுக்கு உட்கார இடம் விட்டாள். திட்டுவாள் என்று நினைத்துத்தான் அவர் வந்திருந்தார். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னாடியே காட்ட ஆரம்பிச்சிட்டாருங்க," என்றாள். "நான்தான் புரிஞ்சுக்கல. அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சேன். அவரு இல்ல இல்லங்கற மாதிரி தலைய ஆட்டினாரு. பயப்படறாருன்னு நெனச்சேன். மறுபடி மறுபடி கையத் தூக்கினாரு. தாய் பாத்துக்கிட்டுதான் இருக்கா, நீங்க அலட்டிக்காதீங்கன்னு சொல்லி, அந்தக் கையப் பிடிச்சு இறக்கி மடியில வெச்சேன். அவரு திமிறினாரு. இருந்த ஒரே கையுங்க. அத நான் ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்."

எர்மீலோ தொப்பியைக் கழற்றினார். நான் அதுவரை அவர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவருக்காகவும் அழுதேன், அவளுக்காகவும் அழுதேன். உள்ளே படுத்திருந்தவருக்காக அழ நேரம் வரவில்லை.

அந்த வாரம் பட்டறை திறக்கவில்லை. எர்மீலோ வீடு வீடாகப் போக ஆரம்பித்தார். தலைக்குள் இருந்த கார்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, அந்தந்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் கார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன் வாங்கம்மா என்றார். தனியாக ஒரு கிழவன் இப்படிக் கேட்டால் ஊர் என்ன சொல்லும்? அதனால் நானும் அடுப்பை மகளிடம் விட்டுவிட்டுக் கூடவே போனேன். சில வீடுகளில் காட்டினோம். சில வீடுகளில் புருஷன்மார் முறைத்தார்கள், எதற்காக உமக்குச் சத்தியம் செய்து கொடுத்தோம் என்று கேட்டார்கள். ஒருவர் இப்போதே சுவிட்சை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறேன் என்றார், வேறு எலக்ட்ரீஷியனை வைத்து.

நேற்று மதியம் பெரிய சாக்கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பச்சைக் கேட்டைத் தட்டினோம். கதவின் சின்ன ஜன்னலைத் திறந்து ஒரு பெண் பார்த்தாள்.

"யாரு?"

"எர்மீலோம்மா. உங்க வண்டிக்கு சுவிட்ச் வெச்சவன். உங்க வீட்டுக்காரர் இருக்காரா?"

"லாரியில வடக்க போயிருக்காரு. வர நாளாகும்."

"வண்டி?"

"இங்கதான் நிக்குது. எதுக்கு?"

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியும். உங்களுக்கு எதுக்கு அது?"

அவள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது. நிறைமாதம். ஒரு கை இடுப்பில், ஒரு கை ஜன்னல் தாழ்ப்பாளில். நான் எர்மீலோவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார்.

"அம்மா, கதவக்கூடத் தொறக்க வேண்டாம். எங்க இருக்குன்னு சொல்றேன், கேட்டுக்கங்க. போதும்."

"வேண்டாங்க. எனக்கு எதுவும் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. தெரிஞ்சவகிட்டதான் அடிச்சுக் கேப்பாங்களாம். அத வெச்ச ஆளே வந்து நின்னாலும் வண்டிப் பேச்சே எடுக்க விடாதன்னு சொல்லியிருக்காரு."

"அவர அப்படிச் சொல்லச் சொன்னவனே நான்தாம்மா."

"அப்ப நீங்களே போயிடுங்க. இல்லேன்னா போலீசக் கூப்பிடுவேன்."

ஜன்னல் மூடியது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் விழுந்தது, அதற்கு மேல் இன்னொன்றும் விழுந்தது. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. வலிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்தக் கேட்டின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார்.

"கூப்பிடுங்கம்மா," என்றார்.